அணு உலைக்கு ஒராஸ்காலி தந்த ஆசி

பால்காஷ் ஏரிக்கரைக் குடியிருப்பில் ஒராஸ்காலியை எல்லோரும் அக்சகால் என்றுதான் கூப்பிடுவார்கள். வெண்தாடிக்காரர் என்று பொருள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குத் தாடியே கிடையாது. தினமும் காலையில் மழமழவென்று சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார். அந்தப் பட்டம் அவருக்கு அறிவால் வந்ததும் இல்லை, குலத்தால் வந்ததும் இல்லை. அவரைவிட மூத்த ஆண்களில் பாதிப் பேர் குடியிலும் மீதிப் பேர் நெஞ்சுவலியிலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வரிசையில் அடுத்து நின்றவர் இவர். அறுபத்தேழு வயதில் ஊருக்கே பெரியவராகிவிட்டார்.

பெரியவர் என்றால் சும்மா இல்லை, ஒரு வேலை உண்டு. விருந்து முடிந்ததும் சோறு போட்டவர்களுக்கு ஆசி சொல்ல வேண்டும். எல்லோரும் உள்ளங்கைகளை மேல்நோக்கி விரித்துக் காத்திருப்பார்கள். பெரியவர் சொல்லி முடித்ததும் ‘ஆமீன்’ என்று அந்தக் கைகளால் முகத்தைத் தடவிக்கொள்வார்கள். அப்புறம்தான் எழுந்திருக்கலாம். மற்ற ஊர்களில் இரண்டு வரியில் முடிகிற காரியம். ஒராஸ்காலியிடம் சிக்கினால் ஐந்து நிமிடத்துக்குக் குறையாது. எதுகை மோனையோடு கொட்டுவார். கல்யாணத்துக்கு ஒன்று, புது வீட்டுக்கு ஒன்று, ராணுவத்துக்குப் போகிற பையனுக்கு ஒன்று. பழைய கார் வாங்கிய ஒருவனுக்கு அந்தக் காரைவிட நீளமாக ஒரு ஆசி சொன்னார் என்று அவருடைய கூட்டாளி கோல்யா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

கோல்யா ருஷ்யன், பழைய வெல்டர். அவரோடு ஒரே படகில் மீன் பிடிப்பவன். “அக்சகால், கை மரத்துப் போச்சு, முடிங்க” என்று சபையிலேயே கேட்கிற தைரியம் அவன் ஒருவனுக்குத்தான்.

அந்தக் குடியிருப்பின் கதையைச் சொல்லாமல் ஒராஸ்காலியின் கதையைச் சொல்ல முடியாது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே அனல்மின் நிலையம் கட்டுகிறோம் என்று ஆட்களைக் கூட்டிவந்தார்கள். ஐந்து மாடிக் கட்டடங்கள், பள்ளிக்கூடம், எல்லாம் மளமளவென்று எழுந்தன. இருபத்தேழு வயது ஒராஸ்காலி கிரேன் ஓட்ட வந்தார். உச்சிக் கூண்டில் உட்கார்ந்தால் ஏரியின் பாதி தெரியும். அஸ்திவாரம் போட்டு முடிப்பதற்குள் பணம் நின்றது. கொஞ்ச நாளில், கட்டச் சொன்ன அந்தப் பெரிய நாடே பல நாடாக உடைந்து இல்லாமல் போனது. தான் ஓட்டிய கிரேனைத் தானே கழற்றிப் பழைய இரும்புக்கு லாரியில் ஏற்றினார் மனிதர். அதன் பிறகு முப்பது வருஷம் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் வேலை, மீதி நேரம் மீன். எதைப் பற்றியும் எதுகையோடு பேசுகிறவர், அந்த கிரேனைப் பற்றி மட்டும் வாயைத் திறந்ததில்லை.

அவருடைய மனைவி குல்ஷாரா வடகிழக்கே, சோதனை மைதானத்தை ஒட்டிய ஊரில் பிறந்தவள். அந்தக் காலத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த மைதானம் அது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போதே சிப்பாய் ஒருவன் வருவான். எல்லோரும் வெளியே வந்து தரையில் படுங்கள் என்பான். பூமி ஆடும். அப்புறம் எழுந்து போய்க் கணக்குப் பாடம் படிப்பார்கள். யாரும் என்ன ஏது என்று சொன்னதில்லை. அவளுடைய அப்பா தொண்டையில் கட்டி வந்து போனார். ஒரு தங்கை பத்து வயதில் போனாள். கல்யாணமாகி இந்த ஏரிக்கரைக்கு வந்த பிறகு குல்ஷாராவுக்குப் பிறந்த முதல் குழந்தை மூச்சே விடவில்லை. இரண்டாவது ஒன்பது நாள் இருந்தது. எதனால் என்று எந்த மருத்துவரும் காகிதத்தில் எழுதித் தரவில்லை. இரண்டும் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள மேட்டில் கிடக்கின்றன. இரண்டாவது குழந்தையைப் புதைத்துவிட்டு இறங்கும்போது ஒராஸ்காலி அவள் கையைப் பிடித்து, “அந்த அணுச் சனியன் பேரு இனி நம்ம வீட்டுக்குள்ள வராது” என்று சொன்னார். அவள் அதை நம்பினாள்.

வந்தது. இரண்டாயிரத்து இருபத்து நான்காம் வருஷம், கோடையில். நாட்டின் முதல் பெரிய அணுமின் நிலையத்தை இதே ஏரிக்கரையில் கட்டலாமா வேண்டாமா என்று அக்டோபரில் நாடு முழுக்க வாக்கெடுப்பு என்றார்கள். அதற்கு முன்னால் ஊர் மக்களின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம்.

குல்ஷாரா முப்பது வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவள். எந்த வீட்டில் எத்தனை பேர் என்று விரல்நுனியில் வைத்திருப்பவள். படி ஏறினால் முழங்கால் வலிக்கும், ஏறினாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, வேண்டாம் என்று போடச் சொன்னாள். சில வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். சில வீட்டில், “அக்கா, பனிக்காலத்துல கரண்ட் போய் நாம நடுங்கல? என் மகன் வேலைக்குன்னு போயி வீட்டுப் பக்கமே வர்றதில்ல. இங்கயே வேலை வந்தா என்ன தப்பு?” என்றார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் அடுத்த கதவைத் தட்டினாள். ஒராஸ்காலி அவளோடு போகவில்லை. மீன் வலையைத் தைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த வலையில் அவ்வளவு ஓட்டை ஒன்றும் இல்லை.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. தலைநகரிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பேசியது தோல்கின் என்ற பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், பொறியாளர். கர்வம் இல்லாத பெண். மீனவர்கள் ஏரித்தண்ணீர் குறைகிறதே என்று கேட்டார்கள். கணக்கோடு பதில் சொன்னாள். கழிவு எங்கே போகும் என்று கேட்டார்கள், மழுப்பாமல் சொன்னாள். பின்னால் வெள்ளைத் திரையில் படம் ஓடியது. நீலமான ஏரி, இரண்டு பெரிய கட்டடங்கள், அவற்றுக்கு மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு கிரேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒராஸ்காலி அந்தக் கிரேனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

குல்ஷாரா எழுந்தாள். தன் ஊரைப் பற்றி, தரையில் படுத்ததைப் பற்றி, மேட்டில் கிடக்கும் இரண்டைப் பற்றிச் சொன்னாள்.

“அம்மா, அது குண்டு. இது உலை. ரெண்டும் வேற வேறம்மா” என்றாள் தோல்கின், மெதுவாக.

“தெரியும் மகளே. நானும் நாலு எழுத்து படிச்சவதான். உலை வெடிக்கும்னு நான் சொல்லல. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா எங்ககிட்ட சொல்லுவீங்களா? அதான் என் கேள்வி.”

“கண்டிப்பா சொல்லுவோம்.”

“யாரு? நீயா? நீ அதுக்குள்ள பெரிய எடத்துக்குப் போயிருப்ப. உன் நாற்காலில யாரு உக்காந்திருப்பான்னு உனக்குத் தெரியுமா? எங்கள அன்னிக்கு தரையில படுக்கச் சொன்ன பையனும் நல்ல பையன்தான்.”

தோல்கின் பேனாவை எடுத்தாள். குனிந்து எதையோ எழுதிக்கொண்டாள். கூட்டத்தில் பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. சரி என்று இருந்த பல பேர் அந்த நிமிடம் மனம் மாறிவிட்டார்கள் என்று பிறகு கோல்யா சொன்னான். அவனும் அதில் ஒருவன்.

அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. வந்தவர்கள் ஆடு அறுத்திருந்தார்கள். பள்ளிக்கூட உணவறையில் நீள மேஜை போட்டு, வேகவைத்த மாவுப் பட்டைமேல் கறி குவித்து, ஊரையே சாப்பிடக் கூப்பிட்டார்கள். மூத்தவர் என்பதால் ஆட்டுத்தலை ஒராஸ்காலிக்கு முன்னால் வந்தது. முறைப்படி காதை அறுத்து அங்கிருந்த சின்னக் குழந்தைக்குக் கொடுத்தார். கன்னத்துக் கறியைச் சாப்பிட்டார். நன்றாக இருந்தது. வயிறு நிறைந்தது. ஊர்த் தலைவர் தாவ்ரென் தொண்டையைக் கனைத்தார்.

“அக்சகால், விருந்து போட்டவங்களுக்கு ஆசி சொல்லுங்க.”

எல்லோருடைய கைகளும் விரிந்தன. ஒராஸ்காலி கண்ணை மூடினார்.

“கால் வைத்த இடம் வேர் பிடிக்கட்டும், கை வைத்த காரியம் கரை சேரட்டும்! பாதியில் நின்றது முழுசாகட்டும், பார்த்துக் கிடந்தவர் கண் நிறையட்டும்! ஏரி வற்றாமல் இருக்கட்டும், எழுப்பிய சுவர் சாயாமல் நிற்கட்டும்! இந்தக் கரையில் ஏற்றுகிற விளக்கு நூறு வருஷம் எரியட்டும்!”

அவர் வாழ்நாளில் சொன்னதிலேயே அழகான ஆசி அதுதான். கண்ணைத் திறந்தார். முதல் ஆமீன் எப்போதும்போல் குல்ஷாராவிடமிருந்து வந்தது. முகத்தைத் தடவிய கைகள் தாடைவரை வந்து அப்படியே நின்றன. அப்போதுதான் வார்த்தைகள் அவளுக்குள் இறங்கின என்பது அவருக்குத் தெரிந்தது. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. வழி தெரியாத ஊரில் இறக்கிவிடப்பட்டவள் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

யாரோ செல்போனில் படம் பிடித்திருந்தார்கள். மறுநாள் காலைக்குள் அது ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. சோதனை மைதானத்துப் பெண்ணைக் கட்டியவரே ஆசி சொல்லிவிட்டார் என்று மாவட்டம் முழுக்கப் போனது. பெரியவர் வாயால் சபையில் வந்த ஆசியை யாரும் லேசில் தட்டுவதில்லை. அதற்கு ஆமீன் வேறு சொல்லியாயிற்று. வேண்டாம் என்று குல்ஷாராவிடம் தலையாட்டியிருந்த பெண்கள் இப்போது கடையில் அவளைக் கண்டால் வேறு பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி மட்டும் நேராகவே சொன்னாள்: “மன்னிச்சுக்கக்கா. நாங்க எல்லாரும் மூஞ்சியத் தடவிட்டோமே.”

கோல்யா படகில் வைத்துக் கேட்டான். “என்ன அக்சகால் இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு ஆட்டுத்தலைக்கா?”

“டேய், சோறு போட்டவனுக்கு வாழ்த்து சொல்லாம எழுந்திருக்க முடியுமா? வழக்கம்டா. உனக்கு இதெல்லாம் புரியாது.”

“சோத்துக்கு வாழ்த்துனா, ‘உப்பு நல்லா இருந்துச்சு, மகராசனா இருங்க’ன்னு முடிக்கலாம்ல? விளக்கு நூறு வருஷம் எரியச் சொன்னது யாரு? ஆடா?”

ஒராஸ்காலி வலையைப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப மாத்திச் சொல்லுங்க. கையத் திருப்பி வச்சு சொல்றது ஒண்ணு உங்க ஆளுங்ககிட்ட இருக்குல்ல?”

இருக்கிறது. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பிச் சொன்னால் அது சாபம். கொடுத்த ஆசியைத் திரும்ப வாங்க அது ஒன்றுதான் வழி. “அந்தப் பொண்ணப் போயி சபிக்கச் சொல்றியா? என் பேத்தி மாதிரி இருக்கா” என்று எரிந்து விழுந்தார். கோல்யா படகைக் கரைக்குத் திருப்பினான்.

எல்லோரிடமும் அவர் சொன்னது இந்த ஒரே பதில்தான். வழக்கம். வீட்டிலும் அதைத்தான் சொன்னார், விருந்து முடிந்து வந்த அன்றே, அவள் கேட்பதற்கு முன்னாலேயே. “வழக்கத்துக்காகச் சொன்னது கிழவி. மனசுல ஒண்ணும் கெடயாது. எந்திரிக்கணும்ல, அதுக்காகச் சொன்னது.” அவள், “சரி” என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை.

ஆனால் உண்மை அவருக்குத் தெரியும். அது வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. திரையில் அந்த மஞ்சள் கிரேனைப் பார்த்த நிமிடத்திலிருந்து அவர் மனசு துள்ளிக்கொண்டிருந்தது. அஸ்திவாரத்தோடு நின்றுபோன தன் வாழ்க்கைக்கு யாரோ மேலே இரண்டு மாடி கட்டித் தருகிறோம் என்கிறார்கள் என்று பட்டது. ஆசைப்பட்டார். ஆசைப்பட்டுத்தான் சொன்னார். மேட்டில் கிடக்கும் இரண்டு குழந்தைகளுக்கு அப்பனாக இருந்துகொண்டு, மஞ்சள் கிரேனுக்கு வாழ்த்துப் பாடியிருக்கிறோமே என்று நினைத்து இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். குற்றவுணர்ச்சி என்றால் என்ன என்று, வாக்கெடுப்புக்கு இருந்த அந்த ஒன்றரை மாதத்தில் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டார்.

குல்ஷாரா கதவு தட்டப் போவதை நிறுத்திவிட்டாள். சமைத்தாள், துவைத்தாள், தேநீர் ஊற்றினாள். அந்தப் பகுதி வீடுகளில் வேண்டியவர்களுக்குத் தேநீரைக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார், திரும்பத் திரும்பக் கேள் என்று அர்த்தம். ததும்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். நாற்பது வருஷமாகப் பாதிக் கிண்ணம் குடித்துப் பழகியவருக்கு இப்போது விளிம்புவரை வந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் குடித்தார். கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது?

வாக்கெடுப்பு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கே பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டிருந்தார்கள். “நீ முன்னாடி போ” என்றாள் குல்ஷாரா. போனார். வழியெல்லாம், “வாங்க அக்சகால், உங்க ஆசி பலிக்கப் போற நாள்” என்று கை கொடுத்தார்கள். திரைக்குப் பின்னால் போய் நின்று, சீட்டை வெகுநேரம் பார்த்தார். ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் குறி போட்டார். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வேகவேகமாக வீட்டுக்கு வந்தார். மனதில் ஏதோ கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது.

“கிழவி, நான் வேண்டாம்னு போட்டேன்” என்றார் வாசலிலேயே.

குல்ஷாரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். “ஊருக்கு முன்னால வாழ்த்துன. திரைக்குப் பின்னால மறுத்துட்ட. அப்படியா?”

“உனக்காகத்தான்.”

“சரி.”

“நீ கெளம்பு. கோட்ட எடுத்துத் தரவா?”

“நான் போகல.”

அவருக்கு முதலில் புரியவில்லை. “முழங்கால் வலிக்குதா? கோல்யா கார்ல கூட்டிட்டுப் போவான்.”

“வலிக்கல. போகல.”

கெஞ்சினார். அவள் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒராஸ்காலி மறுபடி பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குச் சின்னப் பெட்டியைக் கொண்டுவருவார்கள். தன் மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். பிற்பகலில் இரண்டு ஆசிரியைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறி வந்தார்கள். குல்ஷாரா அவர்களை உட்காரவைத்து, சூடாகப் பொரித்த மாவு உருண்டைகளும் தேநீரும் கொடுத்தாள். பிள்ளைகளின் படிப்பை விசாரித்தாள்.

“எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல கண்ணுங்களா. இவரு பொய் எழுதிக் குடுத்திருக்காரு. பெட்டிய எடுத்துட்டுப் போங்க.”

“போட்டுருங்கக்கா, இவ்வளவு தூரம் வந்துட்டோம்” என்றாள் ஒருத்தி.

“நானும் ஆமீன் சொன்னவதானேம்மா. கையால மூஞ்சியத் தடவிட்டு அதே கையால எப்படி வேண்டாம்னு போடுவேன்? வேணும்னு போடறதுக்கும் என் புள்ளைங்க விடாது. அதனால சும்மா இருக்கேன்.”

பெட்டி படியிறங்கிப் போனது. ஊரிலேயே ‘வேண்டாம்’ என்று சொல்ல மற்ற எல்லோரையும்விட உரிமை உள்ளவளின் சீட்டு விழாமலே போகிறது, அதற்குக் காரணம் தன் வாய்தான் என்று ஒராஸ்காலி ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஆசிரியைகள் பெட்டியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு பேசிச் சிரித்தபடி போனார்கள்.

ஐந்து மணி ஆனது. ஆறு ஆனது. சொல்லிவிடலாம் என்று மூன்று முறை அடுக்களைவரை போனார். மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். எட்டு மணிக்கு வாக்கெடுப்பு முடிந்து பள்ளிக்கூடத்தில் பாட்டு நின்றது. வாசல் விளக்கை அணைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.

“கிழவி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் வழக்கத்துக்காகச் சொல்லல. அந்தக் கிரேனப் பாத்தேன். ஆசையா இருந்துச்சு. மனசாரத்தான் சொன்னேன்.”

குல்ஷாரா நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வந்தது. மேஜையை ஓங்கித் தட்டினாள்.

“இத ஏன்யா அன்னிக்கே சொல்லல? உனக்கு ஆசைன்னு சொல்லியிருந்தா உன்னோட சண்ட போட்டிருப்பேன். நீ சொன்ன ஆசிய நீயே வச்சுக்கன்னுட்டு நான் பாட்டுக்குப் போயி வேண்டாம்னு போட்டிருப்பேன். வழக்கம் வழக்கம்னு சொன்ன. வழக்கத்தோட நான் எப்படிச் சண்ட போடுவேன்?”

அவர் சுவரில் மாட்டியிருந்த அவளுடைய கோட்டை எடுத்தார். மணி எட்டைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தும் எடுத்தார்.

“அத எடுத்த எடத்துலயே மாட்டுய்யா” என்றாள் குல்ஷாரா. “எங்க போறதுக்கு?”